திண்ணை வெளிச்சத்தில் ஒரு குடும்பப் படம்

உங்கள் வீட்டுக் கூடத்தில் மாலையோடு தொங்கும் பாட்டியின் படத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். பல வீடுகளில் அது தனியாக எடுத்த படமாக இராது. யாருடைய கல்யாணத்திலோ எடுத்த குரூப் போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் பிரித்துப் பெரிதாக்கியிருப்பார்கள். பக்கத்தில் நின்றவரின் தோள்கூட ஓரத்தில் தெரியும். பாட்டியோ வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, விறைத்து நிற்பாள். நாம் அறிந்த பாட்டி அவள் அல்லவே!

விறைப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1839இல் ஒளிப்படக் கலை பிறந்தபோது ஓர் உருவம் தகட்டில் பதியப் பல நிமிடங்கள் பிடித்தன. பின்னர் அது வினாடிகளாகக் குறைந்தது. அதுவரை தலை அசையாதிருக்கப் பின்னால் இரும்புக் கவ்வி வைத்தார்கள். இன்றைய பிலிமுக்கு 1/125 வினாடி போதும். கவ்வி போய்விட்டது, மூச்சைப் பிடித்து நிற்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

1967இல் உற்பத்தி தொடங்கிய உதகை இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' பிலிம் இப்போது வருவதில்லை. எனினும் வேறு நிறுவனங்களின் கறுப்பு வெள்ளைச் சுருள்கள் கிடைக்கின்றன. பீரோவில் உறங்கும் பழைய காமிராவை எடுத்துக்கொண்டு, ராஜபாளையம் பக்கத்து ஆலங்குளத்துக்கு விடுமுறைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சுருளில் இருப்பவை 36 படங்கள். எடுத்ததை உடனே பார்க்க முடியாது. பாட்டிக்கு எண்பது வயது.

முதலில் வெளிச்சம். சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணியிலும் நண்பகல் சூரியன் இவ்வூருக்கு ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். அந்நேரம் முற்றத்தில் நிறுத்தினால் கண்குழிகள் இரண்டும் கறுத்துப்போகும். திண்ணைக்கு வாருங்கள். எதிர்வீட்டுச் சுண்ணாம்புச் சுவரிலும் தெருமண்ணிலும் பட்டுத் திரும்பும் ஒளி பரந்து வருவதால் நிழல்கள் மென்மையாகும். ஸ்டூடியோக்காரர் விளக்கும் வெள்ளைத் துணியும் வைத்துச் செய்வது இதைத்தான். ஒரு பக்கம் இருண்டிருந்தால், படத்தில் விழாத இடத்தில் கொடி கட்டி ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிடுங்கள்.

அடுத்து அளவு. 400 வேகப் பிலிமுக்கு இத்தகைய திறந்த நிழலில் 1/125 வினாடி, லென்ஸ் துவாரம் f/8 பெரும்பாலும் பொருந்தும். ஒளிமானியை முழுதும் நம்பிவிடாதீர்கள். எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதுவது அதன் குணம். வேட்டி கட்டிய தாத்தாக்கள் வரிசையாக உட்கார்ந்தால், வெளிச்சம் மிகுதி என்று ஏமாந்துவிடும், முகங்கள் இருண்டுபோகும். அதே நிழலில் உங்கள் உள்ளங்கையை அளந்து, காட்டும் அளவைவிட ஒரு படி கூடுதலாக ஒளி விடுங்கள். சந்தேகம் வந்தாலும் கூடுதல் பக்கமே சாய்க. ஒளி போதாத இடத்தில் பிலிமின் வெள்ளி உப்பில் உருவமே பதிவதில்லை. பதியாததை எந்த டெவலப்பராலும் வரவழைக்க முடியாது.

50 மில்லிமீட்டர் லென்ஸில் f/8 வைத்து மூன்று மீட்டருக்குக் குவியம் செய்தால், ஏறத்தாழ 2.3 மீட்டரிலிருந்து 4.2 மீட்டர் வரை தெளிவாக விழும். இந்த வசதிதான் பாட்டியின் சிரிப்புக்கு வழி. எல்லாவற்றையும் முன்கூட்டியே வைத்துவிட்டால், காமிராவைத் திருகிக்கொண்டு அவளைக் காக்கவைக்க வேண்டியதில்லை. தனி முகம் வேண்டுமானாலும் ஒரு மீட்டருக்குள் நெருங்க வேண்டாம். மூக்கு பெருத்துத் தோன்றும்.

"சிரிங்க பாட்டி" என்று சொல்லாதீர்கள். சொன்னால் உதடு மட்டும் சிரிக்கும். தொடுக்கப் பூவோ, உரிக்க மொச்சையோ கையில் கொடுங்கள். பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்து, பழைய கதை ஏதாவது கேட்கச் சொல்லுங்கள். முதல் படத்தை அவள் விருப்பப்படி விறைப்பாகவே எடுத்துவிடுங்கள்; அதுவும் அவளுக்கு ஒரு மரியாதை. "முடிஞ்சுதாய்யா?" என்று தோளைத் தளர்த்துவாள் பாருங்கள், அப்போது இரண்டாவதை எடுங்கள். குழுவாக எடுக்கையில் யாராவது ஒருவர் கண் சிமிட்டியே தீருவார். ஆகவே மூன்று நான்கு எடுப்பது வீண்செலவு ஆகாது.

சுருளை வெயிலில் மாற்ற வேண்டாம். காருக்குள் வைத்து மறக்கவும் வேண்டாம், சூடு பிலிமைக் கெடுக்கும். சிமெண்டு ஆலை உள்ள ஊர் ஆகையால், லென்ஸில் தூசி படிந்தால் துண்டால் துடைக்காமல் மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். படம் எடுத்ததும் தாமதமின்றிக் கழுவக் கொடுங்கள். பிரதி கைக்கு வந்ததும் பின்புறத்தில் பென்சிலால் பெயர்களையும் தேதியையும் எழுதி, முதல் பிரதியைப் பாட்டியிடமே கொடுங்கள்.