சிறுநகர வாசிப்பு

தமிழ்நாட்டின் பேரூராட்சிகளிலும் சிறிய நகராட்சிகளிலும் பத்திரிகையும் புத்தகமும் மக்களிடம் புழங்கிய முறையைச் சிறுநகர வாசிப்பு எனலாம். இவ்வூர்களில் பெரும்பாலும் தனிப் புத்தகக்கடை இருப்பதில்லை. பள்ளி நோட்டும் உரைநூலும் பஞ்சாங்கமும் விற்கும் கடை இருக்கும். நாவல் வாங்க வேண்டுமென்றால் பேருந்து ஏறி மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டும். ஆனாலும் இவ்வூர்களில் நிறையவே படித்தார்கள். காசு கொடுத்து வாங்கியவர் ஒருவர், படித்தவர்கள் பலர் என்பதே இங்கு வழக்கம். தேநீர்க்கடை, முடிதிருத்தகம், படிப்பகம், வாடகை நூல்நிலையம், கிளை நூலகம், பக்கத்து வீடு என்று ஒரே பிரதி கைமாறிக்கொண்டே இருந்தது. அது யார் கைக்கு வந்தது, யார் கைக்கு வரவில்லை என்று பார்த்தால் ஊரின் அமைப்பே தெரியும்.

தேநீர்க்கடை

காலை முதல் வண்டியில் வரும் நாளிதழ்க் கட்டு பேருந்து நிலையத்தில் இறங்கும். முகவர் பிரித்துக் கொடுத்ததும் சைக்கிளில் வீடுகளுக்குப் போவது கொஞ்சம். மீதி கடைகளுக்குப் போகும். தேநீர்க்கடைக்கு வந்த நாளிதழ் அரைமணி நேரத்தில் தாள் தாளாகப் பிரிந்துவிடும். ஒருவர் கையில் முதல் பக்கம், இன்னொருவர் கையில் விளையாட்டு, மூன்றாமவர் கையில் உள்ளூர்ச் செய்தி. தேநீர் குடித்து முடித்த பின்னும் பக்கம் மாறுவதற்காகக் காத்திருப்பார்கள். கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார், ஏனென்றால் அந்த நாளிதழுக்காகத்தான் அவர்கள் அந்தக் கடைக்கு வருகிறார்கள்.

படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பதும் இங்கு வழக்கம். நெல் விலை, கொலை வழக்கு, தேர்தல், அணையின் நீர்மட்டம் என்று படிக்கப் படிக்க விவாதம் தொடங்கிவிடும். எழுத்தறிவு குறைவாக இருந்த காலத்தில் இந்தக் கேட்பவர்களையும் வாசகர்களாகவே கணக்கிட வேண்டும். விற்பனை எண்ணிக்கையில் இவர்கள் வருவதில்லை.

சி. பா. ஆதித்தனார் 1942-ல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி இந்த வாசிப்பைப் புரிந்துகொண்ட நாளிதழ். பெரிய எழுத்து, சிறிய வாக்கியம், பேச்சுக்கு நெருக்கமான சொற்கள் ஆகியவற்றைக் கொண்டு அது எழுத்துக்கூட்டிப் படிப்பவரையும் எட்டியது. பல ஊர்களில் பள்ளிக்கூடம் பாதியில் நின்றவர்கள் படிக்கப் பழகியதே இதை வைத்துத்தான். அதில் 1960 முதல் தொடர்ந்து வரும் 'கன்னித்தீவு' படக்கதையைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. நாளுக்கு இரண்டு மூன்று கட்டங்கள்தான். தாத்தா படித்த கதையைப் பேரனும் படித்தான், கதை இன்னும் முடியவில்லை.

ஆனால் தேநீர்க்கடை பெஞ்சு எல்லோருக்கும் பொதுவானதாக இருக்கவில்லை. இரட்டைக் குவளை முறை இருந்த ஊர்களில் தலித் மக்கள் பெஞ்சில் உட்கார முடியாது, தரையில் அமர்ந்தோ தள்ளி நின்றோதான் தேநீர் குடிக்க வேண்டியிருந்தது. அங்கே நாளிதழின் தாளும் அவர்கள் கைக்கு எளிதில் வந்திருக்காது. பெண்கள் அந்த பெஞ்சில் உட்கார்ந்ததே இல்லை. தேநீர்க்கடையை ஊரின் மக்கள் மன்றம் என்று புகழ்ந்து எழுதுவோர் இந்த இரண்டையும் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

கட்சிகளும் இயக்கங்களும் நடத்திய படிப்பகங்கள் ஓரளவுக்கு இந்த இடைவெளியை நிரப்பின. திராவிட இயக்கத்தாரும் பொதுவுடைமைக் கட்சியினரும் தெருமுனையில் ஒரு கொட்டகையோ ஒற்றை அறையோ அமைத்து, இரண்டு பெஞ்சு போட்டு, விடுதலை, முரசொலி, ஜனசக்தி, தீக்கதிர் போன்ற ஏடுகளை வைத்தனர். சைக்கிள் கடை, தையற்கடை, முடிதிருத்தகம் ஆகியவையும் படிப்பகம் போலவே இயங்கின. முடிதிருத்தகத்தில் வரிசைக்குக் காத்திருப்பவர் கையில் பழைய வார இதழ் இருக்கும். அட்டை கிழிந்து, நடுப்பக்கம் காணாமல் போயிருக்கும்.

வார இதழும் பைண்டும்

சிறுநகரத்தின் கிழமைகளை வாரச்சந்தையும் கோயிலும் மட்டும் பிரித்துக் காட்டவில்லை, வார இதழ்களும் காட்டின. எந்த இதழ் எந்தக் கிழமை கடைக்கு வரும் என்பது வீட்டிலுள்ள குழந்தைக்கும் தெரியும். ஆனந்த விகடன் 1926-லும், கல்கி 1941-லும், குமுதம் 1947-லும் தொடங்கின. இவற்றின் விற்பனையைத் தாங்கியவை தொடர்கதைகள். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்தது. இன்று ஐந்து பாகங்களையும் ஒரே மூச்சில் படித்துவிடும் வாசகருக்கு, ஒரு திருப்பத்தில் கதையை நிறுத்திவிட்டு ஏழு நாள் காத்திருந்த அனுபவத்தை விளக்குவது கடினம். அந்த ஏழு நாளும் அடுத்து என்ன நடக்கும் என்று திண்ணையில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தொடர்கதையைப் புத்தகமாக வாங்கும் வசதி பலருக்கு இல்லை. எனவே இதழிலிருந்து அத்தியாயங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்தார்கள். பழுப்பு அட்டை, முதுகில் காலிகோ துணி, உள்ளே ஓவியங்களோடு தொடர்கதை. கதைக்குப் பின்பக்கத்தில் அந்தக் காலத்துச் சோப்பு விளம்பரமும் துணுக்கும் ஒரு சினிமா விமர்சனத்தின் பாதியும் இருக்கும். ஏதோ ஒரு வாரம் விடுபட்டிருந்தால் அந்த இடத்தில் ஒரு வெள்ளைத்தாளில் கதைச்சுருக்கத்தைக் கையால் எழுதி ஒட்டியவர்களும் உண்டு. மணியம், கோபுலு போன்றோரின் ஓவியங்களைப் பின்னாளில் தேடியவர்களுக்கு இந்த பைண்டுகள் நல்ல ஆவணமாக அமைந்தன. நூல்வடிவில் வந்த பல பதிப்புகளில் அவ்வோவியங்கள் இல்லை.

பைண்டு செய்யப்படாத இதழ்கள் எடைக்குப் போய் மளிகைக்கடைப் பொட்டலமாகத் திரும்பி வந்தன. கடலையைத் தின்றுவிட்டுப் பொட்டலத்தாளை நீவிப் படிப்பது இவ்வூர்களில் இயல்பான ஒன்று. முதலும் முடிவும் இல்லாத கதைகளைப் படித்து வளர்ந்த தலைமுறை அது.

சிறுவர்களின் உலகம் தனி. சிவகாசியிலிருந்து 1972-ல் வரத் தொடங்கிய முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யை ஊர் ஊராகக் கொண்டுசென்றது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் பண்டமாற்று முறையில், ஒரு காமிக்ஸை வாங்கியவன் பத்து படித்தான்.

வீட்டுப் பெண்களின் வாசிப்பு

பெண்களின் வாசிப்பு பெரும்பாலும் நடுப்பகலில் நடந்தது. சமையல் முடிந்து, பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும் வரையிலான இரண்டு மணி நேரம். புத்தகத்தைக் கொண்டுவந்தவர் பெரும்பாலும் தம்பியோ மகனோதான். நூலக உறுப்பினர் அட்டை அவன் பெயரில் இருக்கும். "அக்கா லக்ஷ்மி நாவல் கேட்டாள்" என்று அவன் போய்க் கேட்க, நூலகர் ஒன்றை எடுத்துக் கொடுப்பார். அது ஏற்கெனவே படித்ததாக இருந்தால் அடுத்த நாள் மறுபடியும் அவனைக் கெஞ்ச வேண்டும். அலமாரியின் முன்னால் நின்று தானே புரட்டித் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு பல பெண்களுக்குத் திருமணத்துக்கு முன்பும் கிடைக்கவில்லை, பின்பும் கிடைக்கவில்லை.

வாடகை நூல்நிலையங்கள் வளர்ந்ததற்கு இது ஒரு காரணம். வீட்டின் முன்னறையிலோ சின்னக் கடையிலோ நடந்த இவற்றில் முன்பணம் கட்டினால் நாள்வாடகைக்கு நாவல் கிடைக்கும். சில இடங்களில் சைக்கிளில் வீட்டுக்கே கொண்டுவந்து மாற்றிக் கொடுத்தார்கள். ரமணிசந்திரன் நாவல்கள் இவ்வழியாகவே பெருமளவில் படிக்கப்பட்டன. 1980-களில் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் மாத நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கின. இவற்றை இலக்கிய விமர்சகர்கள் பொருட்படுத்தவில்லை. தரம் பற்றிய அவர்கள் கருத்து சரியாகவே இருக்கலாம். ஆனால் எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட ஒரு பெண்ணின் எழுத்தறிவு மங்கிவிடாமல் காத்தவை இந்த நாவல்கள்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கிளை நூலகம்

மேற்சொன்ன இடங்கள் அனைத்தும் யாரோ ஒருவருடைய தயவில் இயங்கியவை. சட்டப்படி எல்லோருக்கும் உரிய இடமாக வந்தது பொதுநூலகம்.

சீர்காழியில் 1892-ல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது, 1931-ல் தம் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அதே 1931-ல் மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி மேலவாசலிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பினார். படிப்பவர் நூலகத்துக்கு வரமுடியாவிட்டால் நூலகம் அவரிடம் போகட்டும் என்பதை விதியாக எழுதியவரும் வண்டி கட்டி ஓட்டியவரும் ஒரே காலத்தவர்கள்.

சென்னை மாகாணப் பொதுநூலகச் சட்டம் 1948-ல் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் ஒரு மாகாணம் இயற்றிய முதல் பொதுநூலகச் சட்டம் இதுவே. தனியார் நன்கொடையை நம்பாமல் நூலகத்துக்கென்று வரி வசூலிக்க இச்சட்டம் வழிசெய்தது. சொத்துவரியோடு சேர்த்து நூலகவரி வாங்கப்படுகிறது. இப்போது சொத்துவரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு. ஆண்டுக்கு 1,000 ரூபாய் வீட்டுவரி கட்டுபவர் 100 ரூபாய் நூலகத்துக்காகக் கட்டுகிறார். நூலகத்தின் வாசற்படி மிதிக்காதவரும் கட்டுகிறார். வரி ரசீதில் அந்த வரியை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம். உள்ளாட்சி அமைப்புகள் வசூலித்த தொகையை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு உரிய காலத்தில் செலுத்துவதில்லை என்ற செய்தி அவ்வப்போது வருவதுண்டு. அது நிலுவையில் நிற்கும்போது கூரை ஒழுகும் நூலகம் அடுத்த மழைக்கும் ஒழுகுகிறது.

மாவட்ட மைய நூலகத்தின் கீழ் கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று அடுக்குகள் உள்ளன. சிறுநகரத்தில் இருப்பது பெரும்பாலும் கிளை நூலகம். வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். வாரம் முழுதும் வேலைக்கோ பள்ளிக்கோ போகிறவர்களை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு இது. முன்னறையில் நாளிதழ் மேசை. உள்ளே அலமாரிகள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தாளில் தேதி முத்திரைகள். அந்தத் தாளைப் பார்த்தாலே ஊரின் ரசனை தெரியும். சாண்டில்யன் நூலில் முத்திரை குத்த இடமிருக்காது, பக்கத்தில் இருக்கும் தத்துவ நூலில் ஒரு முத்திரைகூட இருக்காது.

இரட்டைக் குவளை இருந்த அதே ஊரில், நூலக மேசையில் யாரும் யார் பக்கத்திலும் உட்காரலாம் என்பதுதான் விதி. நடைமுறையில் எல்லா ஊரிலும் அது முதல் நாளிலேயே நடந்துவிடவில்லை. ஆனால் "நீ உட்காரக்கூடாது" என்று சொல்லும் உரிமை அங்கே யாருக்கும் இல்லை. தேநீர்க்கடைக்கும் நூலகத்துக்கும் உள்ள வேறுபாடு இதில்தான் இருக்கிறது.

கோவில்பட்டி

ஒரு சிறுநகரத்தில் வாசகர்கள் ஒருவரை ஒருவர் கண்டுகொள்ளும்போது என்ன நடக்கும் என்பதற்குக் கோவில்பட்டி எடுத்துக்காட்டு. தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்பெற்ற கரிசல்பூமி ஊர் இது. அருகிலுள்ள இடைசெவல் கிராமத்தில் பிறந்தவர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். இளவயது நண்பர்கள். இருவருக்கும் இசைப் பித்து உண்டு. கி.ரா. முறையான படிப்பு அதிகம் இல்லாத விவசாயி. தாம் மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியவர் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார். முப்பது வயதைக் கடந்த பின்பே எழுத வந்தார். நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களே அவருக்குப் பயிற்சிக்களம்.

அழகிரிசாமிக்கு 1970-லும், கி.ரா.வுக்கு 1991-லும், பூமணிக்கு 2014-லும், சோ. தருமனுக்கு 2019-லும் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. நால்வரும் இவ்வூர்ச் சுற்றுவட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். கோணங்கியின் 'கல்குதிரை' சிற்றிதழும் இங்கிருந்தே வந்தது. கவிஞர் தேவதச்சனும் ச. தமிழ்ச்செல்வனும் இவ்வூர் வட்டத்தினர்.

இதற்கு மண்ணின் மகிமை என்று காரணம் சொல்வது எளிது. மாலையில் கூடிப் பேச ஓர் இடமும், புத்தகம் வைத்திருந்த ஒரு மூத்தவரும், அதை இரவல் கொடுக்கும் மனமும் இருந்தன என்பதே நம்பத்தகுந்த காரணம். கடையின் முன்னாலும் தேநீர்க்கடையிலும் மைதானத்திலும் நின்றபடியே பேச்சு நடந்தது. சிற்றிதழ் ஒன்று தபாலில் வந்தால் அது ஊரிலுள்ள எல்லா வாசகர்களையும் சுற்றிவிட்டுத்தான் உரியவரிடம் திரும்பியது.

இன்றைய நிலை

வாடகை நூல்நிலையங்கள் தொலைக்காட்சித் தொடர்கள் வந்தபின் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மதிய நேரத்து இரண்டு மணி நேரத்தை அத்தொடர்கள் எடுத்துக்கொண்டன. கல்கி இதழின் அச்சுப்பதிப்பு 2020-ல் நின்றது. தேநீர்க்கடையில் நாளிதழ் இன்னும் வருகிறது, ஆனால் பெஞ்சில் இருப்பவர்கள் கைப்பேசியைப் பார்க்கிறார்கள். ஒருவர் படிக்க நால்வர் கேட்பது ஏறக்குறைய மறைந்துவிட்டது. இதில் இழப்பு முதியவர்களுக்கு. படிக்கத் தெரியாத பெரியவர் ஒருவர் அன்று அந்த பெஞ்சில் உட்கார்ந்தாலே செய்தி காதில் விழும். இன்று பேரன் படித்துச் சொன்னால்தான் உண்டு.

கிளை நூலகங்கள் ஒருவகையில் முன்னைவிட நிறைந்திருக்கின்றன. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4, காவலர் தேர்வு, ஆசிரியர் தகுதித் தேர்வு ஆகியவற்றுக்குப் படிப்போர் காலையிலேயே வந்து இடம்பிடிக்கிறார்கள். அவர்கள் கையில் நூலகப் புத்தகம் இருப்பது குறைவு. ஆறாம் வகுப்பு முதலான பாடநூல்களும் குறிப்பேடும்தான் இருக்கும். நூலகத்தைப் படிப்பறையாக மட்டும் பயன்படுத்துகிறார்கள் என்று பழைய வாசகர்கள் குறைப்படுவதுண்டு. ஆனால் மின்விசிறியும் மேசையும் அமைதியும் வீட்டில் இல்லாத ஒருவருக்கு நூலகம் தருவது அதைத்தான். மேலும், முன்பு தம்பியை அனுப்பிப் புத்தகம் வாங்கிய வீடுகளிலிருந்து இப்போது பெண்களே வந்து நாள் முழுதும் உட்கார்ந்து படிக்கிறார்கள். தேர்வு முடிந்த வாரம் அவர்களில் சிலர் உள்ளறை அலமாரிப் பக்கம் போவதும் உண்டு.