பல்லுக்குள் பூட்டிவைத்த புரதங்கள்

சொத்தை விழும்போது பல் சும்மா இருப்பதில்லை. பாக்டீரியாக்களின் அமிலம் எனாமலை அரித்துக்கொண்டு உள்ளே இறங்க இறங்க, பல்லும் உள்ளிருந்து புதிய சுவர் எழுப்பிக்கொண்டே வருகிறது. அந்தச் சுவரின் பெயர் டென்டின். பல்லின் பெரும்பகுதி இதுதான். இதன் எடையில் சுமார் 70 விழுக்காடு கனிமம்; மீதி கொலாஜன் முதலான புரதங்களும் தண்ணீரும்.

டென்டினைக் கட்டும் செல்களுக்கு ஒடொன்டோபிளாஸ்ட் என்று பெயர். கருவின் தாடையில் மேல்தோல் செல்களும் அடித்திசுச் செல்களும் பிஎம்பி, விண்ட், எஃப்ஜிஎஃப் போன்ற சமிக்ஞைப் புரதங்களை மாறி மாறி அனுப்பிக்கொள்கின்றன. அந்தப் பேச்சுவார்த்தையில்தான் இவை உருவாகின்றன. எனாமலை ஆக்கும் செல்கள் பல் முளைத்ததும் அழிந்துவிடும். ஒடொன்டோபிளாஸ்ட்களோ பல்லின் நடுவிலுள்ள மென்திசுவான பற்கூழின் ஓரத்தில் வரிசையாக நின்று ஆயுள் முழுக்க வேலை செய்யக்கூடியவை. பல் வளரும் பருவத்தில் ஒரு நாளைக்கு அவை இடுவது ஏறக்குறைய 4 மைக்ரோமீட்டர். அந்தக் கணக்கில் ஒரு மில்லிமீட்டர் சேர எட்டு மாதம் ஆகும்.

முதலில் இடப்படுவது மென்மையான கொலாஜன் வலை. அது கெட்டிப்பட டிஎஸ்பிபி என்ற மரபணு தரும் புரதம் வேண்டும். அதிலிருந்து பிரியும் பாஸ்போபோரின், கால்சியத்தை இழுத்துப் பிடிப்பதில் கெட்டிக்காரப் புரதம். இந்த மரபணுவில் பிழை இருந்தால் என்ன ஆகும் என்பது 2001-இல் சீனக் குடும்பங்களில் நடந்த ஆய்வுகளில் தெரியவந்தது. பரம்பரையாக வரும் ஒருவகை டென்டின் குறைபாட்டுக்கு அதுவே காரணம். பற்கள் பழுப்பாகவோ நீலச் சாம்பலாகவோ இருக்கும். எனாமல் நன்றாக இருந்தாலும் அடித்தளம் பலவீனம் என்பதால் அது பெயர்ந்து விழும். பல் வேகமாகத் தேய்ந்துபோகும்.

சமிக்ஞை அதிகமானாலும் ஆபத்துதான். எலிகளின் பற்களில் டிஜிஎஃப்-பீட்டா1 என்ற சமிக்ஞைப் புரதத்தை மிகையாகச் சுரக்கவைத்தபோது டிஎஸ்பிபி குறைந்தது, டென்டினும் கோணலாக வளர்ந்தது.

இதே டிஜிஎஃப்-பீட்டாவிடம்தான் வியக்கத்தக்க செய்தியும் இருக்கிறது. டென்டினைக் கட்டும்போதே ஒடொன்டோபிளாஸ்ட்கள் அதைக் கொஞ்சம் கனிமத்துக்குள் பூட்டிவைக்கின்றன. பல ஆண்டு கழித்துச் சொத்தையின் அமிலம் கனிமத்தைக் கரைத்தால், பூட்டிக் கிடந்த புரதம் விடுபட்டு உள்ளே கசிகிறது. அங்குள்ள செல்கள் விழித்துக்கொண்டு மீண்டும் டென்டின் இடுகின்றன. அவை மடிந்திருந்தால் பற்கூழின் குருத்தணுக்கள் வந்து அந்த வேலையை ஏற்கும். பல் மருத்துவர்கள் ஆழமான குழியில் வைக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடும் இப்படி டென்டினிலிருந்து சமிக்ஞைப் புரதங்களை வெளிக்கொணர்கிறது.

இயற்கையின் இந்த வழியை வலுப்படுத்த முடியுமா? லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பால் ஷார்ப் குழுவினர் 2017-இல் முயன்றார்கள். அல்சைமர் நோய்க்காகச் சோதிக்கப்பட்ட டைட்குளூசிப் என்ற மருந்து விண்ட் சமிக்ஞையைத் தூண்டக்கூடியது. அதைக் கொலாஜன் பஞ்சில் தோய்த்து எலிகளின் பல் குழிகளில் வைத்தார்கள். பஞ்சு கரைந்துபோக, அந்த இடத்தில் புது டென்டின் நிரம்பியது. சிமென்ட் அடைப்பு செய்யாத வேலை இது. ஆனால் எலியின் குழி மிகச் சிறியது. மனிதப் பல்லின் அளவுக்கு அது அப்படியே பொருந்திவிடாது.

எந்த வழியானாலும் பற்கூழ் உயிரோடு இருந்தால்தான் பலிக்கும். அது அழுகிய பிறகு சமிக்ஞையைக் கேட்க அங்கே செல்கள் இருக்காது; மிஞ்சுவது ரூட் கெனாலோ பல்லைப் பிடுங்குவதோதான். ஆகவே பல்லில் கரும்புள்ளி தென்பட்டதும், வலி வரட்டும் என்று காத்திராமல் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.