ஒரு பெயர், இரு காளான்கள்

பலபொருள் ஒருசொல் செய்யுளுக்கு அணியாகலாம்; மருந்துக்கு ஆகாது. ‘கோடிசெப்சு’ என விற்கப்படும் காளான்கள் இதற்குச் சான்று.

அவற்றுள் ஒன்று திபெத்திய மேட்டுநிலத்திலும் இமயச் சாரலிலும், மண்ணுள் வாழும் அந்துப்பூச்சிக் குடம்பியைக் கொன்று, அதன் தலையினின்று முளைப்பது. கோடையிற் புல், பனிக்காலத்திற் புழு என்னும் பொருள்படத் திபெத்தியர் அதற்குப் பெயரிட்டனர். மற்றொன்று செம்மஞ்சள் நிறத்தது, சோற்றிலும் வளர்க்கத்தக்கது.

கோடிசெபின் என்னும் பொருள் முதன்முதற் பிரித்தெடுக்கப்பட்டது இச்செம்மஞ்சட் காளானிலிருந்தே. உயிர்க்கலங்களில் இயல்பாயுள்ள அடினோசினுக்கும் இதற்கும் வேறுபாடு ஒரேயோர் ஒட்சிசன் அணுவாம். கலம் ஆர்.என்.ஏ. இழையைத் தொடுக்குங்கால் இஃது இடையிற் புகின், அடுத்த கண்ணியைக் கோக்க இடமின்றி இழை நீளாது நின்றுவிடும். ஓரணுவின் குறை செய்யும் வேலை இத்துணைப் பெரிது!

இமயக் காளானிலோ தர அளவையாகக் கொள்ளப்படுவது அடினோசினே. கோடிசெபினை ஆக்கும் மரபணுத் தொகுதி அதன்கண் இல்லை என 2017 இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. 2007 இலேயே அறிஞர் அதனை ‘ஓபியோகோடிசெப்சு’ என வேறு பேரினத்துட் சேர்த்தனர்.

சந்தையிலோ பழம்பெயரே நிலைத்தது. பெருவிலை பெறுவது இமயக் காளான். கோடிசெபின் மிக்கிருப்பது மலிவான காளானில். ஒன்றன் ஆய்வைக் காட்டி மற்றொன்றை விற்பின் ஏமாறுபவன் நோயாளியே. ஆதலின், பெயரோடு அமையாது, இனம் யாது, உட்பொருள் யாது என வினவி வாங்குதலே அறிவுடைமையாம்.