நண்டைக் கொல்லும் முன் கொடுக்கைப் பாருங்கள்

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்ப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. நத்தைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன, காலையில் வெறும் கூடு மணலில் கிடக்கிறது, பவளத்தின் ஓரம் பிய்ந்திருக்கிறது. பகலில் தேடினால் சந்தேகப்படும்படி எதுவும் கண்ணில் படாது. விளக்கை அணைத்து ஓரிரு மணி நேரம் கழித்து, சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சை அடித்துப் பார்த்தால் பாறைப் பொந்துக்குள் இரண்டு கண்கள் மின்னும். நாம் காசு கொடுத்து வாங்காத நண்டு அது. ‘லைவ் ராக்’ என்று எடை போட்டு விற்கிறார்களே, அந்தப் பாறையின் துளைக்குள் ஒளிந்து ஓசியில் வந்து சேர்ந்தது.

உடனே அதைக் கொல்லத்தான் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுக்கலாம். அப்படி வரும் நண்டுகளில் பவளத்துக்குக் காவல் நிற்பவையும் உண்டு, பாசியை மட்டும் மேய்பவையும் உண்டு.

முதலில் கால்களை எண்ணுங்கள். கொடுக்குகளைத் தவிர மூன்று ஜோடிக் கால்கள் மட்டும் தெரிந்து, மீசை நீளமாக இருந்தால் அது போர்சலின் நண்டு. விசிறி போன்ற வாயுறுப்பை வீசி நீரில் மிதக்கும் துணுக்குகளை வடிகட்டித் தின்னும் சாது. அதை விட்டுவிடலாம். நான்கு ஜோடி இருந்து, கடைசி ஜோடி துடுப்பு போலத் தட்டையாக இருந்தால் நீந்தும் நண்டு. தூங்கும் மீனையே பிடித்துவிடும் என்பதால், எவ்வளவு சிறிதாக இருந்தாலும் வெளியே எடுத்துவிட வேண்டும். முதுகில் பாசியும் பஞ்சுயிரியும் ஒட்டிக்கொண்டு மெதுவாக நகர்வது அலங்கார நண்டு. உங்கள் பவளத்தைக் கத்தரித்துத் தன் முதுகில் நட்டுக்கொள்ளும் பழக்கம் அதற்கு உண்டு. பார்க்க அழகுதான், ரீஃப் தொட்டிக்கு ஆகாது.

பெரும்பாலும் குழப்பம் வருவது உருண்டை உடம்பும் கறுத்த கொடுக்கு நுனியும் கொண்ட சிறு நண்டுகளிடம். உடம்பெல்லாம் மயிர் அடர்ந்திருந்தால் ‘கொரில்லா நண்டு’ என்பார்கள். கறுப்பு நுனி என்றாலே கொலைகாரன் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். நிறத்தை நம்பக் கூடாது, வடிவத்தைப் பார்க்க வேண்டும். கொடுக்கின் விரல்கள் கூர்ந்து ஊசி போல முடிந்தாலோ, ஒரு கொடுக்கு மட்டும் பெருத்து உள்பக்கம் மொட்டைப் பற்கள் தெரிந்தாலோ அது இறைச்சி கிழிக்கவும் நத்தைக் கூட்டை நொறுக்கவும் அமைந்த கொடுக்கு. நுனி கரண்டி போலக் குழிந்திருந்தால் பாறையில் பாசி சுரண்டித் தின்னும் வகை. கறுப்பு விரலும் கரண்டி நுனியும் சேர்ந்த நண்டுகளும் இருக்கின்றன. கடையில் விற்கும் கரீபியன் மரகத நண்டும் கரண்டிக் கொடுக்குக்காரன்தான். ஆனால் பசி முற்றினால் அதுவும் கிடைத்ததைக் கடிக்கும். பொந்துக்குள் இருக்கும் நண்டின் கொடுக்கு தெரியாவிட்டால், ஒரு சிறு துண்டு இறால் நீட்டிக் கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

பவளக் கிளைகளுக்கு நடுவே இருக்கும் நண்டுக்குத் தனி விசாரணை வேண்டும். போசிலோபோரா பவளத்தின் கிளைகளுக்குள், மயிரில்லாமல் வழவழவென்று மின்னும் ஓட்டோடு, பெரும்பாலும் ஜோடியாகக் குடியிருப்பவை டிரபீசியா எனும் காவல் நண்டுகள். முள்முடி நட்சத்திர மீன் பவளத்தைத் தின்ன வந்தால் அதன் குழாய்க் கால்களைக் கடித்து விரட்டும். பிரெஞ்சு பாலினீசியாவின் மூரியா தீவில் இந்த நண்டுகளை அகற்றிவிட்டுப் பார்த்த ஆய்வில், வண்டல் படிந்து பல பவளங்கள் ஒரு மாதத்துக்குள் செத்தன. அக்ரோபோரா பவளத்தில் இதே வேலையைச் செய்வது டெட்ராலியா நண்டு. ஆனால் அதே அக்ரோபோராவில், சொரசொரப்பான ஓடும் கறுத்த விரல்களுமாக சைமோ என்ற வகையும் தங்கும். அது பவளத்தின் சதையைத் தின்னும். கிளையின் அடியில் சதை போய் வெள்ளை எலும்பு தெரிந்தால் சைமோவைத் தேடுங்கள். கடலில் வெண்நோய் பிடித்த பவளத்தில் இதே சைமோ நோய் பரவுவதைத் தாமதப்படுத்துகிறது என்றும் ஓர் ஆய்வு சொல்கிறது. நாலு அடித் தொட்டியில் அந்த நியாயம் செல்லாது.

நத்தை செத்ததற்கு வேறு காரணங்களும் இருக்கும். நீங்களே வாங்கி விட்ட துறவி நண்டு, கூட்டுக்கு ஆசைப்பட்டு நத்தையைக் கொன்றிருக்கலாம். இரவில் ‘டக்’ என்று சத்தம் கேட்டால் நண்டை விட்டுவிட்டு மான்டிஸ் இறாலையோ சுடும் இறாலையோ சந்தேகியுங்கள். மணலில் முழு நண்டு செத்துக் கிடந்தால் அது பெரும்பாலும் உரித்துப் போட்ட சட்டைதான். ஆள் உள்ளே முன்னைவிடப் பெரிதாக இருக்கிறான்.

பிடிப்பதற்குக் கண்ணாடி டம்ளர் போதும். அடியில் இறால் துண்டு போட்டு, வாய்ப்பகுதி பாறையில் சாய்ந்திருக்கும்படி இரவில் வையுங்கள். இறங்கிய நண்டு வழுக்கும் கண்ணாடியில் ஏற முடியாமல் காலையில் அங்கேயே இருக்கும். பொந்தை விட்டு வர மறுத்தால், பாறையை வெளியே எடுத்து, சிரிஞ்சில் வெறும் சோடாவைப் பொந்துக்குள் பீய்ச்சுங்கள், ஓடி வரும். பவளம் ஒட்டாத வெறும் பாறை என்றால் உப்பு அடர்த்தி கூட்டிய நீரில் சிறிது நேரம் வைத்தாலும் ஒளிந்திருப்பவை வெளியேறும். பிடித்ததைக் கொல்ல மனமில்லாதவர்கள் தொட்டிக்குக் கீழே இருக்கும் சம்ப்பில் விட்டு வளர்க்கிறார்கள். அதுவே எனக்கும் சரியாகப் படுகிறது.

செய்யக் கூடாதவற்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே ஆபத்து நண்டுக்கு மட்டுமல்ல. நண்டை ஒழிக்கிறேன் என்று பாறையைக் கொதிக்க வைக்காதீர்கள். பொத்தான் பொத்தானாகப் பூத்திருக்கும் ஸோவாந்திட், பாலித்தோவா உயிரிகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கொதிக்க வைத்தாலோ, பிரஷ்ஷால் தேய்த்தாலோ, வெந்நீர் ஊற்றினாலோ அது ஆவியோடும் சாரலோடும் காற்றில் கலந்து மூச்சுக்குள் போகும். அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் 2012 முதல் 2014 வரை கடையிலும் வீட்டிலும் இப்படிப் பாதிக்கப்பட்டவர்களை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்திருக்கிறது. 2018இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் ஒருவர் வீட்டுத் தொட்டியைச் சுத்தம் செய்ததில் குடும்பமும், உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும் மருத்துவமனைக்குப் போனார்கள். காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், வாயில் உலோகச் சுவை இவை அறிகுறிகள். உடனே எல்லோரும் அறையை விட்டு வெளியேறி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மருத்துவரிடம் பவளத் தொட்டி இருப்பதையும் பாலிடாக்சின் என்ற பெயரையும் சொல்லுங்கள். இதற்கு மாற்று மருந்து கிடையாது, மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆதரவு சிகிச்சைதான். பாறையைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

செம்பு கலந்த மீன் மருந்தும் வேண்டாம். நண்டோடு இறால், நத்தை, பவளம் எல்லாம் போய்விடும். பிடிபட்ட நண்டைக் குழம்பில் போடும் யோசனையும் வேண்டவே வேண்டாம். பவளப்பாறையில் வாழும் சில நண்டுகளின் நஞ்சு சமைத்தாலும் அழியாது, உயிரைப் பறிக்கும். கடலில் கொண்டுபோய் விடுவதைப் புண்ணியம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: 1984இல் மொனாக்கோ கடலோரத்தில் மீன்காட்சியகத்தின் அருகே முளைத்த காலெர்ப்பா என்ற தொட்டிப் பாசி, பிறகு மத்தியதரைக் கடலோரங்களில் பரந்த பரப்பை மூடியது.

இனி சட்டம். ஓசியில் வந்த நண்டைவிட, அதைச் சுமந்து வந்த பாறை உங்களைப் பெரிய சிக்கலில் மாட்டிவிடும். இயற்கையான லைவ் ராக் என்பது பெரும்பாலும் பவள எலும்பு. கல்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. மீறினால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். வழக்கு என்று வந்தால், உங்களிடம் இருப்பது முறையாக வந்தது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ‘கடையில் வாங்கினேன்’ என்ற பதில் மட்டும் காப்பாற்றாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் பவளப்பாறை வெட்டியதாலேயே கடலுக்குள் போனவை. அந்த வரலாறு தெரிந்த அதிகாரி இந்த விஷயத்தில் இளகமாட்டார். வெளிநாட்டுச் சரக்கு என்று கடைக்காரர் சொன்னால் சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) அனுமதியின் நகலையும் இறக்குமதி ஆவணத்தையும் கேளுங்கள். இழுத்தடித்தால் நடையைக் கட்டுங்கள்.

இந்தச் சிக்கலைத் தவிர்க்க எளிய வழி, சிமென்ட்டிலோ பீங்கானிலோ செய்த செயற்கைப் பாறை. உலர்ந்தே வருவதால் அதில் நண்டு இருக்காது. பாக்டீரியா குடியேறச் சில வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வாங்கும் எந்த உயிரையும் தனித்தொட்டியில் வைத்துக் கவனித்த பிறகே உள்ளே விடுங்கள்.

ஓசி நண்டு வந்துவிட்டது என்பதற்காக மட்டும் கடைக்காரர் மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ‘தனிமைப்படுத்திச் சோதித்தது, பூச்சி எதுவும் இல்லை’ என்று சொல்லி விற்றிருந்தால் அது பொய் வாக்குறுதி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இல் அது நியாயமற்ற வணிக நடைமுறை. பில், விளம்பரத்தின் படம், வாட்ஸ்அப் உரையாடல், நண்டின் புகைப்படம், செத்தவற்றின் விலை ஆகியவற்றைத் தேதியோடு சேர்த்து வையுங்கள். முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள், பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். வக்கீல் கட்டாயமில்லை, பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை.