ஷூ ஸ்டாண்டு மேலே ஒரு வில்லன்!

படூர் பக்கம் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் முன்பெல்லாம் முதலில் கேட்பது, “தண்ணி எப்படி ஸார்?” லாரியா, போரா, உப்பா என்று விசாரித்த பிறகுதான் அட்வான்ஸ் பேச்சே. இப்போது கூடவே இன்னொரு கேள்வியும் சேர்ந்துவிட்டது... “நெட் எந்தக் கம்பெனி வருது?”

கேட்காமல் என்ன செய்வார்கள்? பக்கத்திலேயே சிறுசேரி சிப்காட். ஊருக்குள்ளேயே இன்ஜினீயரிங் காலேஜ். 2020 மார்ச் ஊரடங்கில் பெட்ரூமுக்குள் நுழைந்த ஆபீஸ், பல வீடுகளில் இன்னும் காலி செய்துகொண்டு போகவில்லை. ஹாலில் மாமனாருக்கு சீரியல், மாடியில் பையனுக்கு கிளாஸ், பெட்ரூமில் மருமகளுக்கு அமெரிக்கா மீட்டிங். முக்கியமான கட்டத்தில் படம் அப்படியே உறைந்து, வாய் பிளந்தபடி நிற்கும். உடனே திட்டு முழுக்க நெட் கம்பெனிக்கு!

நிஜ வில்லன் பெரும்பாலும் வாசல் ஷூ ஸ்டாண்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறான். ஃபைபர் ஒயர் எங்கே நுழைகிறதோ, அங்கேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார் கேபிள்காரர். பெட்ரூமுக்குப் போக சிக்னல் இரண்டு கான்க்ரீட் சுவர், ஓர் இரும்பு பீரோ, மீன் தொட்டி எல்லாம் தாண்டியாக வேண்டும். இரும்பும் தண்ணீரும் வை-ஃபைக்கு ஜென்மப் பகை. பத்து மீட்டர் ஒயர் கூடுதலாகக் கேட்டு, பெட்டியை வீட்டின் நடுவே, தலை உயரத்துக்கு மேலே வைக்கச் சொல்லுங்கள். புது ரூட்டர் வாங்கும் செலவே சில வீடுகளில் மிச்சமாகிவிடும்.

வாங்கத்தான் வேண்டும் என்றால், ‘டூயல் பேண்ட்’ இல்லாததைத் தொடாதீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டி ஓடும். ஆனால், ஒன்றோடொன்று உரசாத பாதைகள் அதில் மூன்றே மூன்று. நாற்பது ஃப்ளாட், நாற்பது ரூட்டர், மூன்று பாதை... சனிக்கிழமை சாயங்கால ஓ.எம்.ஆர். சிக்னல்தான்! போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில் குறுக்கே வரும். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், வேகமும் அதிகம். சுவரைக் கண்டால் மட்டும் சோர்ந்துவிடும். இரண்டும் வேண்டும் என்பது அதனால்தான்.

அட்டைப் பெட்டியில் ‘1200’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது இரண்டு அலைவரிசையின் காகிதக் கணக்கைக் கூட்டிச் சொல்வது. பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தைப் படியுங்கள். ஒயர் சொருகும் போர்ட் ‘10/100’ என்றிருந்தால், 300 எம்.பி.பி.எஸ். பிளானுக்குப் பணம் கட்டினாலும் (டாக்டர் படிப்பு இல்லீங்க, வேகம்!) கையில் கிடைப்பது தொண்ணூற்றுச் சொச்சம்தான். ‘கிகாபிட்’ போர்ட் கேட்டு வாங்குங்கள்.

மாடிக்கு எட்டவில்லையா? “ரிப்பீட்டர் போடுங்க, விலை கம்மி” என்பார் கடைக்காரர். சாதா ரிப்பீட்டர் ஒரே வாயால் கேட்டு, அதே வாயால் திருப்பிச் சொல்கிற ஆசாமி. வேகம் பாதியாகும். மாடிக்கு ஒரு லேன் ஒயர் இழுத்து, அங்கே இன்னொரு பெட்டி வைப்பதற்கு ஈடு கிடையாது. ஒயர் இழுக்க வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால் ‘மெஷ்’ செட். விலைதான் கொஞ்சம் கடிக்கும்.

சரி, பூட்டு? 2008 ஜூலையில் அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிஷங்கள் முன்பு டி.வி. சேனல்களுக்கு ஒரு மிரட்டல் ஈ-மெயில் வந்தது. போலீஸ் தேடிப் போனால், நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் ஃப்ளாட்! அவருடைய பூட்டில்லாத வை-ஃபையில் யாரோ புகுந்து அனுப்பியிருக்கிறார்கள். சம்பந்தமே இல்லாதவர் விசாரணைக்கு அலைந்தார்.

அதனால், “அங்கிள்... பாஸ்வேர்டு ப்ளீஸ்” என்று கேட்டு வருகிற பக்கத்து வீட்டுப் பையனுக்கு ‘கெஸ்ட்’ நெட்வொர்க்கைக் கொடுங்கள். உங்கள் கம்ப்யூட்டர் பக்கம் அது எட்டிப் பார்க்காது. செட்டிங்கில் டபிள்யூ.பி.ஏ.-3 அல்லது 2 இருக்கட்டும். 2001-லேயே உடைபட்ட ‘வெப்’ எங்காவது இன்னும் உயிரோடு இருந்தால் அன்றே தலைமுழுகுங்கள். வை-ஃபை பாஸ்வேர்டு வேறு, ரூட்டருக்குள் நுழையும் ‘அட்மின்’ பாஸ்வேர்டு வேறு. இரண்டாவதை முக்கால்வாசிப் பேர் மாற்றுவதே இல்லை. 2016-ல் ‘மிராய்’ என்ற வைரஸ், கம்பெனி வைத்த பாஸ்வேர்டு மாறாத கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அமெரிக்காவின் பெரிய வெப்சைட்டுகளையே சில மணி நேரம் முடக்கியது. எத்தனை வருஷத்துக்கு அப்டேட் தருவார்கள் என்று கடையில் கேளுங்கள். கடைக்காரர் விழிப்பார், விழிக்கட்டும், கேளுங்கள்.

கடைசியாக, கரன்ட். 2016 ‘வர்தா’, 2023 ‘மிக்ஜாம்’ என்று டிசம்பர் வந்தாலே நம் கடற்கரைக்கு ஜுரம். ஃபைபரில் ஓடுவது வெளிச்சம். தெருவில் கரன்ட் போனாலும் பல இடங்களில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். அணைந்து கிடப்பது உங்கள் வீட்டுப் பெட்டிகள். சின்ன ரூட்டர் யு.பி.எஸ். ஒன்று போதும். ஃபைபர் பெட்டி, ரூட்டர் இரண்டின் அடாப்டரிலும் வோல்ட், ஆம்பியர் பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், சிலது 9. “எல்லாம் ஒண்ணுதான் ஸார்” என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள், புகைந்துவிடும்!