பழைய வானின் ஏசி வழியில் நின்றுவிட்டால்

சவளக்கடை, நாவிதன்வெளி, மத்திய முகாம் பக்கங்களில் வாடகைக்கு ஓடும் வான்களுள் இருபத்தைந்து, முப்பது வயதைத் தாண்டியவற்றை இன்றும் காணலாம். டொல்பின் வான் என்றால் சிறுபிள்ளைக்கும் தெரியும். 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. இடையில் இருப்பதைத் தட்டிக்கொட்டி ஓட்டுவதே வழியாயிற்று. இத்தகைய வானில்தான் கண்டிக்குக் கிளினிக் போகும் நோயாளியும், கைக்குழந்தையோடு தாயும் ஏறுகிறார்கள். கச்சான் வீசும் மாதங்களில் மகா ஓயாப் பக்கம் ஏசி நின்றுவிட்டால், அதை வெறும் வசதிக் குறைவென்று தள்ளிவிட முடியாது. ஆகவே சாரதியும் உடன் செல்வோரும் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை இங்கு கூறுகிறோம்.

ஏசி செய்வது சுமைதூக்கும் வேலை. வானுக்குள் உள்ள சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. சுமக்கும் ஆள், நாம் காஸ் என்று சொல்லும் பொருள். கொம்பிறெசர் அதை அழுத்துகிறது. அழுத்தத்தால் சூடேறிய காஸ், முன்பக்கத்துக் கொண்டென்சரில் காற்றுப் பட்டு ஆறித் திரவமாகிறது. பின்பு நுண்ணிய துவாரம் ஒன்றைக் கடந்து, உள்ளேயுள்ள சுருளில் ஆவியாகும்போது அங்குள்ள சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. இது மூடிய வட்டம். டீசல் எரிந்து தீர்வதுபோலக் காஸ் தீர்வதில்லை. இறப்பர் குழாய்களினூடாகச் சிறிதளவு மெல்ல மெல்லப் போவதுண்டு. ஆனால் ஒரே வருடத்தில் குளிர் அடியோடு நிற்பதென்றால் எங்கோ கசிகிறது என்பதே பொருள். "வருசத்துக்கு ஒருக்கா காஸ் அடிக்கத்தான் வேணும்" என்று காசு வாங்குவோரிடம் இதை நினைவிற் கொண்டு பேசுங்கள்.

வழியில் குளிர் குறைந்ததும் முதலிற் பார்க்க வேண்டியது என்ஜின் சூடு காட்டும் முள்ளை. அது ஏறிக்கொண்டிருந்தால் ஏசியை உடனே நிறுத்துங்கள்; கோளாறு என்ஜினுடையது. முள் வழமையான இடத்தில் நின்றால் பதற வேண்டியதில்லை. நிழல் பார்த்து ஓரமாக நிறுத்தலாம்.

உள்ளே காற்றே வரவில்லையா? பியூசைப் பாருங்கள். புறப்படும்போது நன்றாகக் குளிர்ந்து, போகப் போகக் காற்று மெலிந்ததா? உட்சுருளில் பனிக்கட்டி பிடித்திருக்கும். ஏசியை நிறுத்தி விசிறியை மட்டும் கால்மணி நேரம் ஓடவிட்டால் கரைந்துவிடும். காற்று பலமாக வந்தும் சூடாகவே இருந்தால், என்ஜினை ஓடவிட்டு ஒருவர் ஏசி சுவிச்சைப் போட, மற்றவர் கொம்பிறெசர் பக்கம் காது கொடுக்கட்டும். 'டக்' என்று கிளச்சு பிடிக்கும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் பியூஸ், றிலே, அல்லது காஸ் குறைவு. காஸ் குறைந்தால் அழுத்தச் சுவிச்சு கொம்பிறெசரை ஓடவிடாது. அச்சுவிச்சுக்குக் குறுக்கே கம்பி போட்டு ஓட்டுவோர் உண்டு. மிகத் தவறான வேலை அது! கொம்பிறெசருக்கு வேண்டிய எண்ணெய் காஸோடு சேர்ந்தே சுற்றுகிறது. காஸ் இன்றி ஓட்டினால் அது இறுகிவிடும். பெல்ட் கருகி மணத்தால் அதையும் சந்தேகியுங்கள். பெல்ட்டை அறுத்துவிட்டுப் போகலாமென எண்ணுவோர், அதே பெல்ட் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சில வாகனங்களில் அப்படித்தான் உள்ளது.

எமது பகுதிக்கே உரிய கோளாறு ஒன்றுண்டு. வேளாண்மை வெட்டும் நாட்களில் வெட்டு மெஷின் கிளப்பும் தூசும் பதரும் வைக்கோல் துணுக்குகளும் வீதியை மூடிவிடுகின்றன. கொண்டென்சரின் மெல்லிய தகடுகளுக்கிடையே அவை அப்பிக்கொண்டால் காற்றுப் புகாது, காஸ் ஆறாது. வான் ஓடும்போது ஓரளவு குளிரும், நின்றால் குளிர் போய்விடும் (முன்விசிறி பழுதானாலும் இதே குணம்தான்). என்ஜினை நிறுத்திச் சற்று ஆறவிட்டு, கொண்டென்சர் மீது ஒரு போத்தல் தண்ணீரை மெல்ல ஊற்றிப் பாருங்கள். மீண்டும் ஓடவிட்டதும் குளிர் வந்தால் நோய் பிடிபட்டுவிட்டது. அடைப்பை மெல்லிய தூரிகையாலும், உட்புறமிருந்து வெளிப்புறமாக விடும் தண்ணீராலும் கழுவ வேண்டும். சேர்விஸ் நிலையத்து வேகத் தண்ணீர் தகடுகளை மடித்துவிடும். கடற்கரை வீதியில் ஓடும் வான்களுக்கு உப்புக் காற்றின் அரிப்பும் சேர்கிறது. மூட்டுகளில் எண்ணெய்க் கறையும் அதில் ஒட்டிய தூசும் தெரிந்தால் கசிவு அங்கேதான். மாரியில் கிட்டங்கித் தாம்போதியில் தண்ணீர் பாயும்போது, கடக்கலாமென அனுமதிக்கப்பட்டாலும், ஏசியை நிறுத்தியே கடக்க வேண்டும்.

மகியங்கனை தாண்டி 18 வளைவு ஏறும்போது பழைய என்ஜினுக்கு ஏசி ஒரு மேலதிகச் சுமை. அடிவாரத்திலேயே நிறுத்திக் கண்ணாடிகளைத் திறந்துவிடுங்கள். அப்படியும் முள் ஏறினால், ஹீற்றர் உள்ள வானில் அதை முழுச்சூட்டில் போடலாம். பயணிகள் முணுமுணுப்பார்கள், ஆனால் என்ஜினின் சூடு அவ்வழியாகவும் வெளியேறும். பின்பு நிறுத்தி ஆறவிடுங்கள். கொதிக்கும் றேடியேற்றரின் மூடியை ஒருபோதும் திறக்கக்கூடாது.

புகைக்குழாய் ஓட்டையாகி, பின்கதவு இறப்பரும் தேய்ந்த வானில் கண்ணாடிகளை அடைத்து ஏசி போடுவது ஆபத்தானது. காபன் மொனொக்சைட்டுக்கு நிறமோ மணமோ இல்லை. பலருக்கு ஒரே நேரத்தில் தலையிடி, குமட்டல், அசாதாரண நித்திரை வந்தால் ஏசியைக் குறைசொல்லிக் கொண்டிராமல் வானை நிறுத்தி அனைவரையும் வெளியே இறக்குங்கள்.

காஸ் மூட்டுகளை வீதியோரத்தில் கழற்றக்கூடாது. பீறிடும் திரவம் கண்ணையும் தோலையும் உறையச் செய்துவிடும். கராஜுக்குப் போனால், கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, குழாய்களிலுள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பினால் இழுத்தெடுத்த பின்னரே காஸ் நிரப்பக் கேளுங்கள். 1990களின் முற்பகுதிவரை வந்த வான்களில் ஆர்-12 என்ற காஸ் இருந்தது. ஓசோன் படையை அரிப்பதால் 1987 மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் அது படிப்படியாகக் கைவிடப்பட்டது. வளர்முக நாடுகளுக்கான கெடு 2010. பின்வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் காபனீரொட்சைட்டைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வல்லது. பழைய வானை இதற்கு மாற்றுவதானால் எண்ணெயும் மாற வேண்டும். சும்மா மேலே நிரப்ப முடியாது. மலிவென்று சமையல் காஸை ஏற்றுவோரும் உண்டு. அது கசிந்தால் உட்சுருள் வழியாக ஆட்கள் இருக்கும் இடத்துக்கே வரும். ஒரு தீப்பொறி போதும். அப்படி நிரப்ப முன்வரும் கராஜில் வானைத் திருப்பிக்கொண்டு, கண்ணாடிகளைத் திறந்தே வீட்டுக்குப் போங்கள்.