வானத்தை நோவதேன்?

ஐப்பசி வருகிறது; கூடவே வடகிழக்குப் பருவமழையும் வருகிறது. வரும் என்பது நமக்குத் தெரியும்; நம் பாட்டனுக்கும் தெரிந்திருந்தது. சொல்லாமல் வருகின்ற விருந்தாளியல்ல அது. எனினும், வந்த பின்னர்தான் மெழுகுவத்தியைத் தேடுகிறோம்; தீப்பெட்டியைத் தேடுகிறோம்; கடைசியில், பழிபோட விதியையும் தேடுகிறோம்!

1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. மணிக்கு மணி புயலின் போக்கைக் காட்டும் வசதி அன்று நம்மிடம் இல்லை. இன்று இருக்கிறது. இருந்தும் நடந்தது என்ன? 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கி, 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அடையாறு கரை கடந்து வீடுகளுக்குள் புகுந்தது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறி, தஞ்சைத் தரணியின் தென்னைகளைச் சாய்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னையை மூழ்கடித்தது. அதே மாதத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது!

ஏரியைத் தூர் வாருவது, கால்வாயைச் சீர் செய்வது, எச்சரிக்கையைக் காலத்தில் தருவது ஆகியவை அரசின் கடமை. ஆட்சிப் பீடத்தில் எவர் அமர்ந்திருப்பினும் கேட்போம், உரக்கவே கேட்போம். ஆனால், கேட்கின்ற வாய்க்குத் துணையாகச் செய்கின்ற கையும் வேண்டாமா?

முதலில் வீடு. குடும்ப அட்டை, பட்டா, பள்ளிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவை நீர் புகாத பையில், உயரத்தில் இருக்கட்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் குடிநீர் என்று வைத்துக்கொண்டால், ஐவர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர் வேண்டும். இதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. மூன்று குடமும் இரண்டு வாளியும் போதும். அவலும் பொரிகடலையும், முதியோரின் மாத்திரையும், குழந்தையின் பால்மாவும், டார்ச் விளக்கும் ஓரிடத்தில் இருக்கட்டும். கைப்பேசிக்கு முன்னதாகவே சார்ஜ் ஏற்றுங்கள். வாசற்படியை வெள்ளம் தொடுமுன் மெயின் சுவிட்சை அணையுங்கள். நீரில் நின்றுகொண்டு தொடாதீர்கள். கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070, ஆம்புலன்சுக்கு 108. இம்மூன்றையும் சுவரில் எழுதி வையுங்கள்.

அடுத்து வண்டி. டயர், பிரேக், வைப்பர், பேட்டரி ஆகியவற்றை மழைக்கு முன்பே பாருங்கள். பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். மின்சாரம் நின்றால் பங்கும் நின்றுவிடும். ஸ்டெப்னியும் ஜாக்கியும், கயிறும் முதலுதவிப் பெட்டியும் வண்டியிலேயே கிடக்கட்டும். தேங்கிய சுரங்கப்பாதையில் துணிச்சலைக் காட்ட வேண்டாம். ஓடுகின்ற நீர் முழங்கால் அளவு இருந்தாலே காரைத் தூக்கிச் செல்லும் வலிமை அதற்குண்டு. மூழ்கிய வண்டியை, தண்ணீர் வடிந்துவிட்டதே என்று ஸ்டார்ட் செய்யாதீர்கள். எஞ்சினுக்குள் நீர் புகுந்திருந்தால், அந்த ஒரு முயற்சியிலேயே அது உடையும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்போருக்கு வெள்ளச் சேதத்தில் காசு கிடைக்காது. முழுக் காப்பீட்டிலும், நீர் புகுந்த எஞ்சினுக்குப் பெரும்பாலும் தனிச் சேர்ப்பு வேண்டும். பத்திரத்தை இன்றே படியுங்கள்.

2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடன், வேளச்சேரி மேம்பாலத்தின் மீது மக்கள் வரிசையாகக் கார்களை நிறுத்தினார்கள். சிலர் நகைத்தார்கள். நாம் நகைக்கவில்லை. ஒருமுறை பட்டவர்கள் மறுமுறை அறிவைப் பயன்படுத்தினார்கள், அவ்வளவுதான். ஆனால், அந்தப் பாலத்தைக் கண்டபோது நமக்கு ஒரு கேள்வி எழுந்தது. கார் மேட்டுக்கு ஏறிவிட்டது. ஆற்றங்கரைக் குடிசையில் இருக்கும் மூதாட்டி எந்த மேட்டுக்கு ஏறுவார்? நிறைமாதக் கர்ப்பிணியை எந்த வண்டி ஏற்றிச் செல்லும்?

இங்கேதான் தெருவின் கடமை தொடங்குகிறது. தோழர்களே, நம் படிப்பகங்களில் ஒரு மாலை கூடுங்கள். நடக்க இயலாதவர் எவர், பிரசவத்துக்கு நாள் நெருங்கியவர் எவர், மாடி வீடு எவருடையது, ஆட்டோவும் வேனும் எவரிடம் உண்டு என்று ஒரு தாளில் எழுதுங்கள். இன்னாரை இன்னார் ஏற்றிச் செல்வது என்று மழைக்கு முன்பே முடிவாகட்டும். 2015-ல் மீனவத் தோழர்கள் கடற்கரையிலிருந்து படகுகளைக் கொண்டுவந்து, முன்பின் அறியாதவர்களை மீட்டார்களே, அவர்கள் சாதி கேட்டார்களா? கட்சி கேட்டார்களா? கூலி பேசினார்களா? படகு இருந்தது, வந்தார்கள். வண்டி வைத்திருப்போருக்கு அந்த மனம் வாராதா?

வானம் பெய்யும், அது அதன் இயல்பு. முன்னறிந்து காத்துக்கொள்வது மனிதனின் இயல்பு. தன் வீட்டைக் காத்தவன் அறிவாளி. தன் தெருவையும் சேர்த்துக் காத்தவனே நம் தோழன். மழைக்கு இன்னும் நாளிருக்கிறது. அந்தத் தாளை இன்று மாலையே எடுங்கள்!